வார்டில் அடிபட்டால் செலவு யாருடையது? மருத்துவமனை ஊழியர்களுக்கான எளிய விளக்கம்

"ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவருக்கு அடிபட்டால் என்ன கவலை, அங்கேயே பார்த்துக்கொள்வார்கள்" என்ற பேச்சைப் பல இடங்களில் கேட்கலாம். எக்ஸ்ரே எடுத்து, கட்டுப்போட்டு, மாத்திரை கொடுத்து அனுப்பியதோடு கணக்கு முடிந்தது என்று நிர்வாகமும் நினைக்கிறது. அடிபட்ட நர்ஸும் பல நேரம் அப்படியே நம்பிவிடுகிறார்.

ஆனால் சிகிச்சைச் செலவு, ஒரு காயத்தின் மொத்தச் செலவில் ஒரு பகுதி மட்டுமே. பல காயங்களில் அது சிறிய பகுதி. மீதிச் செலவை யாராவது ஒருவர் சுமந்தே ஆக வேண்டும். அது மருத்துவமனையா, காப்பீடா, அடிபட்டவரின் குடும்பமா என்பது பெரும்பாலும் அடிபட்ட அன்று எழுதப்படும் நாலைந்து வரிகளில் முடிவாகிவிடுகிறது. நர்ஸ், வார்டு உதவியாளர், லேப் டெக்னீஷியன், துப்புரவுப் பணியாளர் என்று மருத்துவமனையில் வேலை செய்யும் எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டிய விஷயம் இது.

மருத்துவமனை ஆபத்தான வேலையிடமா?

ஆம். இதில் பலருக்கு ஆச்சரியம் வரும். சுரங்கம், கட்டுமானம், பட்டாசுத் தொழிற்சாலை என்றால் ஆபத்து கண்ணுக்குத் தெரிகிறது. வெள்ளைச் சுவரும் டெட்டால் வாசனையும் உள்ள இடத்தில் அது தெரிவதில்லை. அமெரிக்காவில் 2011-இல் மருத்துவமனைகளில் முழுநேர ஊழியர் 100 பேருக்கு 6.8 பணியிடக் காயங்களும் நோய்களும் பதிவாயின. அந்நாட்டுத் தனியார் துறையின் மொத்தச் சராசரியைப் போல இது ஏறத்தாழ இரண்டு மடங்கு.

படுக்கையிலிருந்து ஸ்ட்ரெச்சருக்கு நோயாளியை மாற்றும்போது இடுப்புப் பிடிக்கிறது. துடைத்த ஈரத் தரையில் கால் வழுக்குகிறது. பயன்படுத்திய ஊசி விரலில் ஏறுகிறது. கேசுவாலிட்டியில் ஆத்திரப்படும் உறவினர் கை ஓங்குகிறார். இவற்றில் இடுப்பு வலிதான் அதிகம் பேரைப் பாதிக்கிறது, ஆனால் குறைவாகவே பேசப்படுகிறது. கையால் நோயாளியைத் தூக்கும் வேலையில், எல்லாம் வசதியாக அமைந்த நிலையிலும் 35 பவுண்டுக்கு, அதாவது சுமார் 16 கிலோவுக்கு மேல் தூக்கக்கூடாது என்பது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷின் ஆய்வாளர்கள் சொன்ன வரம்பு. பருமனான ஒருவரின் ஒரு காலே அந்த எடையை நெருங்கிவிடும். நம் ஊர் வார்டுகளில் இரண்டு பேர் சேர்ந்து முழு ஆளையே தூக்குகிறார்கள்.

தெரிகிற செலவு, தெரியாத செலவு

ஒரு ஆட்டோ ஓட்டுநரை எடுத்துக்கொள்வோம். வண்டி பழுதாகி மெக்கானிக் ஷெட்டில் நிற்கிறது. பில் 3,000 ரூபாய். "என்ன செலவாச்சு?" என்று கேட்டால் அந்த 3,000-ஐத்தான் சொல்வார். ஆனால் வண்டி நின்ற ஐந்து நாளும் ஓட்டம் இல்லை. வண்டிக் கடன் தவணை மட்டும் நிற்கவில்லை. பள்ளிக்கூடச் சவாரிக்கு மாதக் கணக்கில் ஏற்றிக்கொண்டிருந்த பிள்ளைகளில் இருவர் வேறு ஆட்டோவுக்குப் போய்விட்டார்கள். தவணை கட்ட வாங்கிய கைமாற்றுக்கு வட்டி வேறு. மெக்கானிக் பில்லை மட்டும் யாராவது கொடுத்து உதவினாலும் அவருடைய நஷ்டத்தில் பெரும்பகுதி அப்படியே இருக்கும்.

காயத்தின் செலவும் இப்படித்தான் இரண்டாகப் பிரிகிறது. பில்லாக, ரசீதாகக் கையில் வருவது நேரடிச் செலவு: சிகிச்சை, மருந்து, பரிசோதனை, இழப்பீட்டுத் தொகை. எந்த ரசீதிலும் வராதது மறைமுகச் செலவு: வேலைக்குப் போகாத நாட்களின் சம்பளம், நைட் டூட்டிப் படி, அந்த இடத்தை நிரப்ப வரும் ஆளின் சம்பளம், புது ஆளுக்குப் பயிற்சி, அடகு வைத்த நகையின் வட்டி.

"மறைமுகச் செலவு நேரடிச் செலவைப் போல நாலு மடங்கு" என்று பாதுகாப்புப் பயிற்சி வகுப்புகளில் இன்றும் சொல்கிறார்கள். இன்சூரன்ஸ் நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்த ஹெர்பர்ட் வில்லியம் ஹெய்ன்ரிச் என்ற அமெரிக்கர் 1931-இல் சொன்ன கணக்கு அது. அன்றைய தொழிற்சாலைகளை வைத்துப் போட்டது. அதை எல்லா வேலையிடத்துக்கும் பொருத்துவது சரியில்லை என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். என் கருத்தும் அதுதான். நாலு மடங்கு என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டிருப்பதைவிட, நம் மருத்துவமனையில் எந்தச் செலவு யார் கையிலிருந்து போகிறது என்று பார்ப்பதே பயன் தரும்.

இதுவரை சொன்னதில் மனதில் நிறுத்த வேண்டியது ஒன்றுதான். மருத்துவமனை இலவசமாகச் சிகிச்சை தந்துவிட்டால் நேரடிச் செலவில் ஒரு பகுதி தீர்கிறது. மறைமுகச் செலவு அப்படியே நிற்கிறது.

ஒரு ஊசிக்குத்து எவ்வளவு செலவு வைக்கும்?

நோயாளிக்குப் பயன்படுத்திய ஊசி, பிளேடு போன்ற கூரான பொருள் ஊழியரின் தோலைத் துளைப்பதை ஊசிக்குத்துக் காயம் என்கிறோம். ஒரு துளி ரத்தம் வரும், ஒரு நிமிடத்தில் நின்றுவிடும். பஞ்சை வைத்துத் துடைத்துவிட்டு அடுத்த பெட்டுக்குப் போய்விடுகிறார்கள். இதைவிட மலிவான காயம் உண்டா என்றுதான் தோன்றும்.

அந்த நோயாளிக்கு என்ன தொற்று இருந்தது என்பதைப் பொறுத்துக் கணக்கு மாறுகிறது. அவருக்கு ஹெபடைடிஸ் பி என்ற கல்லீரல் தொற்று இருந்து, குத்துப்பட்டவர் தடுப்பூசி போடாதவராக இருந்தால், தொற்றும் வாய்ப்பு நூற்றுக்கு 30 வரை போகலாம். எச்ஐவி என்றால் ஆயிரத்துக்குச் சுமார் 3. எண் சிறிதுதான், ஆனால் எச்ஐவி தொற்றாமல் தடுக்கும் மருந்தைத் தொடங்க 72 மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க முடியாது. முதல் 2 மணி நேரத்துக்குள் தொடங்கினால் நல்லது. 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். அரசு மருத்துவமனைகளில் இந்த மருந்து இலவசமாகக் கிடைக்கிறது. குமட்டலும் அசதியும் வந்து டூட்டிக்குப் போக முடியாத நாட்களுக்குத்தான் யாரும் பணம் தருவதில்லை.

ஹெபடைடிஸ் பி விஷயம் எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது. மூன்று டோஸ் தடுப்பூசி மலிவானது. போடாமல் விட்டவருக்குக் குத்துப்பட்டபின் தர வேண்டிய இம்யூனோகுளோபுலின் ஊசியோ பல மடங்கு விலை. மருத்துவக் கழிவைக் கையாளும் எல்லா ஊழியர்களுக்கும் ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி போட வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு விதிகளே சொல்கின்றன. எனவே தடுப்பூசிக்கான செலவு மருத்துவமனையின் பொறுப்பு. சேர்ந்து ஆறு மாதம் ஆகட்டும், பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போடக் கூடியதல்ல.

அதே விதிகளின்படி ஊசியும் பிளேடும் துளைக்க முடியாத வெள்ளைப் பெட்டிக்குள் போக வேண்டும். அவசரத்தில் அது சாதாரணக் குப்பைப் பையில் விழுந்துவிட்டால், குத்துப்படுவது ஊசி போட்டவர் அல்ல, பையைத் தூக்கும் துப்புரவுப் பணியாளர். அவருக்கு அது எந்த நோயாளியின் ஊசி என்றே தெரியாது. அதனால் தொற்று இருக்கலாம் என்று எடுத்துக்கொண்டே பரிசோதனையும் மருந்தும் முடிவாகும். வார்டிலேயே குறைந்த சம்பளம் வாங்குகிறவருக்குத்தான் இந்தக் காயம் அதிகக் குழப்பத்தையும் செலவையும் கொண்டுவருகிறது.

அடுத்தது, பணத்தைத் தீர்மானிக்கும் இடம். குத்துப்பட்ட உடனே ஒரு ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். குத்தினால் தொற்று வந்ததா என்று அதில் தெரியாது, அவ்வளவு சீக்கிரம் தெரியவும் முடியாது. குத்துப்படுவதற்கு முன்பே தொற்று இருந்ததா என்பதுதான் அதில் தெரியும். அன்று "இல்லை" என்று வந்து, அடுத்த சில மாதங்களில் செய்யும் பரிசோதனையில் "இருக்கிறது" என்று வந்தால், தொற்று எந்தக் காலத்தில் வந்தது என்பதற்கு ஆதாரம் கிடைத்துவிடுகிறது. முதல் பரிசோதனை இல்லாவிட்டால், "உங்களுக்கு எங்கே வந்ததோ" என்ற ஒரு கேள்வியில் எல்லாம் அடிபட்டுப் போகும். மருத்துவமனை, ஆய்வுக்கூட வேலைகளில் ஏற்படும் தொற்றுநோயை ஊழியர் இழப்பீட்டுச் சட்டம் தொழில்சார் நோய்ப் பட்டியலின் முதல் பகுதியிலேயே சேர்த்திருக்கிறது. அந்த உரிமையைக் கேட்டுப் பெறத்தான் ஆதாரம் வேண்டியிருக்கிறது.

இன்சார்ஜ் சிஸ்டர் திட்டுவார், கவனக்குறைவு என்று மெமோ வரும் என்ற பயத்தில் பலர் சொல்லாமலே விடுகிறார்கள். திட்டுகிற வார்டில் பதிவேடு சுத்தமாக இருக்கும், காயம் குறைந்திருக்காது.

இஎஸ்ஐ: ஒரே காயத்துக்கு இரண்டு தொகை

மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ள ஊழியர்கள் இஎஸ்ஐ என்ற தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்துக்குள் வருகிறார்கள். சம்பளத்தில் 0.75 சதவீதம் ஊழியரிடம் பிடிக்கிறார்கள், 3.25 சதவீதம் முதலாளி கட்டுகிறார். 18,000 ரூபாய் சம்பளம் என்றால் ஊழியருக்கு 135 ரூபாய், மருத்துவமனைக்கு 585 ரூபாய்.

இந்தத் திட்டத்தில் வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குப் பணம் வரும் வழிகள் இரண்டு. அவற்றைப் பலர் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள்.

முதலாவது நோய்க்கால உதவி. காய்ச்சல், டைபாய்டு போன்ற சாதாரண நோய்க்கானது. சராசரி ஊதியத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை. அதற்கு முன் குறிப்பிட்ட அளவு நாட்களுக்குச் சந்தா கட்டியிருக்க வேண்டும்.

இரண்டாவது தற்காலிக ஊன உதவி. பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். வேலையால் ஏற்பட்ட காயம் ஆறி, மறுபடி வேலைக்குத் திரும்பும்வரை தரப்படும் பணம், அவ்வளவுதான். இதில் 90 சதவீதம் கிடைக்கும். 91 நாள் வரம்பு இல்லை. இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை, வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் பொருந்தும்.

சரி, கணக்குப் போட்டுப் பார்ப்போம். 18,000 சம்பளம் வாங்கும் ஒரு நர்ஸ் ஈரத் தரையில் வழுக்கிக் கணுக்கால் எலும்பு முறிந்து 120 நாள் வீட்டில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாள் ஊதியம் 600 ரூபாய். தொடக்கத்தில் பணம் வராத காத்திருப்பு நாட்களை இப்போதைக்கு விட்டுவிடலாம்.

அது வேலையில் ஏற்பட்ட காயம் என்று பதிவாகியிருந்தால், நாளுக்கு 540 வீதம் 120 நாளுக்கு 64,800 ரூபாய். யாரும் விபத்து அறிக்கை அனுப்பாமல், அவர் "கால் வலி" என்று இஎஸ்ஐ டிஸ்பென்சரிக்குப் போய் சாதாரண நோயாளியாகப் பதிவாகிவிட்டால், நாளுக்கு 420 வீதம் 91 நாளுக்கு 38,220. மீதி 29 நாளுக்கு ஒன்றும் இல்லை. அதே கால், அதே முறிவு. ஒரு அறிக்கை போகாததால் 26,580 ரூபாய் கையை விட்டுப் போகிறது. அந்த வீட்டுக்கு அது ஒன்றரை மாதச் சம்பளம்.

வேலைக்குப் போகும் வழியிலோ வீடு திரும்பும் வழியிலோ நடக்கும் விபத்தும், வேலையோடு அதற்குள்ள தொடர்பு நிறுவப்பட்டால் இதில் சேரும். நைட் டூட்டி முடித்து அதிகாலையில் ஸ்கூட்டியில் திரும்பும் நர்ஸ்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

21,000-ஐத் தாண்டினால்

சம்பளம் கூடினால் பாதுகாப்பும் கூடும் என்று நினைப்போம். இங்கே தலைகீழ். 21,000-க்கு மேல் போனதும், நடப்புச் சந்தாக் காலம் முடிந்தபின் இஎஸ்ஐ நின்றுவிடுகிறது. அப்புறம் கைகொடுப்பது 1923-இல் வந்த ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தின் கணக்கு. இந்தச் சட்டமும் 1948-இன் இஎஸ்ஐ சட்டமும் 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் வந்துவிட்டன. கணக்கின் அடிப்படை மாறவில்லை.

அந்தக் கணக்கில், தற்காலிகமாக வேலை செய்ய முடியாதவருக்கு அரை மாதத்துக்கு ஒரு முறை மாத ஊதியத்தில் 25 சதவீதம். அதாவது மாதத்துக்குப் பாதிச் சம்பளம். அதுவும் முழுச் சம்பளத்தில் பாதி அல்ல. கணக்கில் எடுக்கும் ஊதியத்துக்கு ஒரு உச்சவரம்பு உண்டு, 2020 ஜனவரியில் அதை 15,000 ரூபாய் என்று அறிவித்தார்கள்.

எனவே 24,000 சம்பளம் வாங்கும் சீனியர் நர்ஸுக்கு அதே கணுக்கால் முறிவுக்கு மாதம் 7,500, நாலு மாதத்துக்கு 30,000 ரூபாய் வரும். அவர் இழந்த சம்பளம் 96,000. பக்கத்து வார்டில் 18,000 வாங்கும் ஜூனியருக்கு 64,800 கிடைக்கிறது. சிகிச்சைக்கு உண்மையில் ஆன செலவை முதலாளி தனியாகத் தர வேண்டும் என்பது மட்டும் ஆறுதல். சம்பள உயர்வு 21,000 கோட்டைத் தாண்டப்போகிறது என்றால், மருத்துவமனை தன் செலவில் விபத்துக் காப்பீடு எடுத்திருக்கிறதா என்று அப்போதே கேட்டுவிடுவது நல்லது.

சுருக்கமாகச் சொன்னால், இஎஸ்ஐக்குள் இருப்பவருக்குக் காயத்தின் பெயர் முக்கியம், வெளியே இருப்பவருக்கு உச்சவரம்பு முக்கியம். ஒரே காயத்துக்கு இரண்டு வழியிலும் பணம் வாங்க முடியாது.

காயம் முழுதாக ஆறாவிட்டால்

இடுப்பு எலும்புத் தட்டு விலகிய ஒருவர் நடக்கலாம், உட்காரலாம், ஆனால் இனி நோயாளியைத் தூக்க முடியாது. இந்த இழப்பை அளக்கச் சட்டம் பயன்படுத்தும் அளவுகோல், சம்பாதிக்கும் திறன் இழப்பு. அடிபடுவதற்கு முன் எவ்வளவு சம்பாதிக்க முடிந்ததோ அதில் நிரந்தரமாக எத்தனை சதவீதம் குறைந்தது என்பதே அது.

இழப்பீட்டுச் சட்டக் கணக்கில், முழுமையான நிரந்தர ஊனத்துக்கு மாத ஊதியத்தில் 60 சதவீதத்தை வயதுக்கேற்ற ஒரு எண்ணால் பெருக்குவார்கள். 30 வயதுக்கு அந்த எண் 207.98. 15,000-இல் 60 சதவீதம் 9,000, பெருக்கினால் 18,71,820 ரூபாய். இழப்பு 10 சதவீதம் என்று முடிவானால் அதில் பத்தில் ஒரு பங்கு, 1,87,182. ஒரே தடவையில் வரும் தொகை. இஎஸ்ஐயில் மருத்துவக் குழு சதவீதத்தை முடிவு செய்யும், அதற்கேற்ற தொகை வாழ்நாள் முழுதும் மாதாமாதம் வரும், வேலையில் தொடர்ந்தாலும் நிற்காது.

இடுப்புக் காயத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. வழுக்கி விழுந்ததற்கு நாளும் நேரமும் உண்டு. பத்து வருடம் தூக்கித் தூக்கித் தேய்ந்த முதுகுக்கு எந்தத் தேதியை எழுதுவது? அதனால்தான் "இன்று 7-ஆம் பெட் நோயாளியைத் திருப்பும்போது சுருக்கென்று பிடித்தது" என்பதுகூட அன்றே எழுதப்பட வேண்டும். இரண்டு நாளில் சரியாகிவிடும் வலியாக இருந்தாலும் எழுதலாம்.

காண்ட்ராக்ட் ஊழியர்கள்

துப்புரவு, காவல், வார்டு உதவி போன்ற வேலைகளை அரசு, தனியார் இரண்டிலுமே இப்போது பெரும்பாலும் ஒப்பந்த நிறுவனங்கள் வழியாகத்தான் நடத்துகிறார்கள். அடிபட்டால் மருத்துவமனை "உன் காண்ட்ராக்டரைக் கேள்" என்கிறது, காண்ட்ராக்டர் போனை எடுப்பதில்லை. சட்டம் இதை முன்பே யோசித்திருக்கிறது. மருத்துவமனையின் வழக்கமான வேலைக்காக ஒப்பந்தக்காரர் வழியாக வந்த ஊழியருக்கு அடிபட்டால், அவர் மருத்துவமனையிடமே இழப்பீடு கேட்கலாம். மருத்துவமனை கொடுத்துவிட்டு, பிறகு ஒப்பந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ள வேண்டியதுதான். இஎஸ்ஐ சந்தாவிலும் இதே முறைதான்.

மருத்துவமனைக்கு இதில் நஷ்டம் இல்லையா?

நிறைய உண்டு, கணக்குப் புத்தகத்தில் ஒரே இடத்தில் தெரியாது என்பதால் யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. ஒருவர் லீவில் இருந்தால் இன்னொருவர் டபுள் டூட்டி பார்க்கிறார். களைத்த கை இன்னொரு ஊசிக்குத்தை வாங்குகிறது. அனுபவமுள்ள ஐசியூ நர்ஸ் முதுகு வலியால் வேலையை விட்டால், அவர் இடத்துக்கு வருகிறவர் தேறப் பல மாதம் ஆகும்.

தடுப்பதற்கான செலவு பலன் தருமா என்பதற்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. பாதுகாப்பு மூடியுள்ள ஊசிகளை மருத்துவமனைகள் வாங்கியே ஆக வேண்டும், ஊசிக்குத்துகளைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று அமெரிக்கா 2000-ஆம் ஆண்டில் சட்டம் போட்டது. அடுத்த ஆண்டே அங்குள்ள மருத்துவமனைகளில் இந்தக் காயங்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்தன. நம் வார்டுகளில் அந்த ஊசிகள் எல்லா இடத்திலும் வரக் காலம் ஆகலாம். நோயாளியைச் சறுக்கி நகர்த்தும் பலகை, நிரம்புவதற்கு முன் மாற்றப்படும் ஊசிப் பெட்டி, ஈரத் தரை எச்சரிக்கைப் பலகை இவற்றுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

அடிபட்ட அன்று என்ன எழுத வேண்டும்?

விபத்துப் பதிவேட்டில் தேதி, நேரம், வார்டு, என்ன வேலை செய்துகொண்டிருந்தீர்கள், எப்படி அடிபட்டது, பக்கத்தில் யார் இருந்தார் என்பவை வர வேண்டும். ஊசிக்குத்து என்றால் அந்த நோயாளியின் ஐபி எண் (உள்நோயாளி எண்), தெரியாவிட்டால் "தெரியாது" என்ற சொல், முதல் ரத்தப் பரிசோதனை எடுத்த நேரம். இஎஸ்ஐயில் இருப்பவர்கள், படிவம் 12 என்ற விபத்து அறிக்கையை நிர்வாகம் அனுப்பியதா என்று கேட்டு, ஒரு நகலை வாங்கிக்கொள்ள வேண்டும். டிஸ்பென்சரி டாக்டரிடம் "வேலை செய்யும்போது அடிபட்டது" என்று முதல் தடவையே சொல்ல வேண்டும்.

பதிவேட்டில் எழுத மறுத்தால், இதே விவரங்களை ஒரு தாளில் எழுதி நிர்வாகத்துக்கு ஒப்புகையுடன் தபாலில் அனுப்பலாம். பின்னாளில் தொழிலாளர் துணை ஆணையர் முன்போ இஎஸ்ஐ அலுவலகத்திலோ வழக்குப் போனால், தகவல் எந்த நாளில் சொல்லப்பட்டது என்பதற்கு அந்த ஒப்புகைச் சீட்டைக் காட்டலாம்.